ஒன்றரைச் சுற்று தளர்த்திய திருகு

துப்பாக்கிக் கடையில் ஏழு வருடம் வேலை பார்த்தேன் என்று சொன்னால் ஊரில் ஒருத்தரும் நம்புவதில்லை. நம்புகிறவர்களும் அடுத்த கேள்வியாக, "எத்தன தடவ சுட்ருக்க?" என்றுதான் கேட்பார்கள். ஒரு தடவைகூட இல்லை. எங்கள் கடையில் ரைபிள் இருக்கும், தோட்டா இருக்காது. தோட்டாப் பெட்டிகள் வேறொரு கட்டடத்தில், வேறு ஆட்கள் பொறுப்பில், வேறு பூட்டுக்குள் இருந்தன. லைசென்ஸ் வைத்திருக்கும் கஸ்டமர் இங்கே ரைபிளை வாங்கிக்கொண்டு, அங்கே போய்த் தோட்டா வாங்கிக்கொள்வார். நாங்கள் தொட்டுத் துடைத்த துப்பாக்கி எல்லாம் வெறும் வயிற்றுத் துப்பாக்கிதான்.

நான் துபாய்க்குப் போனது தையல் மிஷின் மெக்கானிக்காக. சத்வாவில் தையல் கடைகள் நெருக்கியடித்த ஒரு தெருவில் இரண்டு வருடம் ஊசி மாற்றி, எண்ணெய் போட்டு, பெல்ட் கட்டிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு விசா கொடுத்த அரபி முதலாளிக்கு, கஃபீலுக்கு, தொழில் ஒன்றல்ல. தையல் மிஷின் விற்றார், கூடாரம் விற்றார், தேராவில் வேட்டைச் சாமான் கடையும் வைத்திருந்தார். அந்தக் கடையில் ரைபிள் பழுது பார்த்தவர் விசாவைக் கேன்சல் செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார். மேனேஜர் ஒருநாள் சத்வாவுக்கு வந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"ஸ்பிரிங் வேலையெல்லாம் தெரியுமாப்பா உனக்கு?"

"தெரியும் சார்."

"அப்போ நாளைலேர்ந்து தேராவுக்கு வந்துடு. இதுவும் மிஷின்தான்."

அவர் சென்னைக்காரர். குடும்பத்தோடு இருந்தார். பிள்ளைகள் இங்கிலீஷில்தான் அவரோடு பேசின. தமிழ்க்காரர் ஒருத்தர் மேலே இருக்கிறாரே என்று எனக்கு முதலில் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. என் விசாவில் கடைசிவரை தையல் மிஷின் மெக்கானிக் என்றே இருந்தது. ரைபிளில் கை வைக்க எனக்கு எந்தக் காகிதமும் கிடையாது.

கடையில் என்னோடு இன்னொரு தமிழர் இருந்தார். அருப்புக்கோட்டைப் பக்கம். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். ரைபிள்களைத் துடைப்பது, எடுத்துக் காட்டுவது, திரும்ப ஸ்டாண்டில் வைப்பது அவர் வேலை. ரூமும் ஒரே ரூம்தான், சத்வாவில், எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரில் கவனத்துக்குப் பேர்போனவர் அவர். சமைத்து முடித்ததும் கேஸ் சிலிண்டரை மூடுவார். படுக்கப் போகும்போது போய்ப் பார்ப்பார். படுத்தபிறகு எழுந்து இன்னொரு தடவை பார்ப்பார். "அண்ணே, சிலிண்டர் ஒன்னுக்குப் போகாது, பேசாமப் படுங்க" என்று கிண்டலடிப்போம். அவர் கோபப்பட மாட்டார். "பதினோரு வருசமா கல்ஃப்ல இருக்கேன் தம்பி. என் கையால ஒரு கிளாஸ் ஒடஞ்சதுன்னு ஒருத்தன் சொல்லட்டும்" என்பார். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. படிப்பு, பதவி, நிலபுலன் என்று பெருமைப்பட மற்றவர்களுக்கு ஏதேதோ இருந்தன. அவருக்கு இருந்தது அவருடைய கை.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ரைபிளையும் ஸ்பிரிங் விறைப்பாக நிற்கும்போது ஸ்டாண்டில் வைக்கக்கூடாது. கஸ்டமர், தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனால், உள்ளே ஸ்பிரிங் முறுக்கேறி நிற்கும். நாள்கணக்கில் அப்படியே நின்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்பது மேனேஜரின் கட்சி. அதனால் ரைபிள் காலியா என்று பார்த்து, மூலையில் இருக்கும் மணல் வாளியை நோக்கிப் பிடித்து, டிரிக்கரை ஒருமுறை இழுத்து, டிக் என்று சத்தம் கேட்டபிறகுதான் ஸ்டாண்டில் வைக்க வேண்டும். "ஸ்பிரிங்கைத் தூங்க வைப்பது" என்று அதற்குப் பெயர். அண்ணன் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது தூங்க வைப்பார். கடை சாத்தும் நேரத்தில் வரிசையாக டிக், டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். உலகத்தில் வேறெங்கும் துப்பாக்கியை எடுத்து வைக்கும் முன் டிரிக்கரை இழுக்கச் சொல்லிப் பழக்கியிருப்பார்களா, எனக்குத் தெரியாது. தோட்டாவையே பார்க்காதவர்கள்தான் இப்படி ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ள முடியும்.

நாங்கள் அதிகம் விற்றது இரண்டு மாதிரி ரைபிள்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. உள்ளே திறந்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

விலை கூடிய மாதிரியில், தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி, போல்ட்டின் வாலில் இருக்கும். அதற்கு மூன்று நிலை. முழுக்கப் பின்னால் தள்ளினால் எல்லாமே பூட்டு. நடுவில் நிறுத்தினால் போல்ட் திறக்கும், ஆனால் சுடாது. அதாவது உள்ளே தோட்டா இருந்தாலும் சேஃப்டியிலேயே வைத்து வெளியே எடுத்துவிடலாம். முன்னால் தள்ளினால்தான் சுடும். அதைவிட முக்கியம், அந்த சேஃப்டி தோட்டாவைக் குத்தும் ஊசியையே நேராகப் பிடித்து வைத்துக்கொள்ளும். டிரிக்கருக்கு என்ன கேடு வந்தாலும் ஊசி நகராது. டிரிக்கரிலும் ஒரு வசதி உண்டு. முன்பக்கமாக ஒருமுறை தள்ளிவிட்டால் அது தொட்டாற்சிணுங்கி ஆகிவிடும், விரல் உரசினாலே போதும். சுடுவதற்கு முந்தைய கணம் மட்டும் அப்படி ஆக்கிக்கொள்ளலாம்.

விலை குறைந்த மாதிரியில் சேஃப்டி பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல். இரண்டே நிலை. பின்னால் இருந்தால் சுடாது, ஆனால் போல்ட்டும் திறக்காது. முன்னால் தள்ளினால் போல்ட் திறக்கும், சுடவும் செய்யும். உள்ளே இருக்கும் தோட்டாவை எடுக்க வேண்டுமானால் முதலில் சேஃப்டியை விலக்கியே ஆக வேண்டும். இந்த சேஃப்டி ஊசியைத் தொடவே தொடாது. ஊசியைத் தாங்கி நிற்பது உள்ளே ஒரு கொக்கி, அந்தக் கொக்கியைத் தாங்கி நிற்பது டிரிக்கர். சேஃப்டி அந்தக் கொக்கியை மட்டும்தான் பிடிக்கும். கம்பெனி வைத்த அளவில் இருந்தால் இதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. இந்த வித்தியாசத்தையெல்லாம் அண்ணனுக்கு நான்தான் ரைபிளைப் பிரித்து வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு தடவை சொன்னால் அவருக்குப் போதும்.

கஃபீலின் உறவுக்காரர் ஒருவர் கடைக்கு வந்துபோவார். எங்களுக்கு அவரும் ஒரு முதலாளி, அர்பாப்தான். விலை குறைந்த மாதிரி ஒன்றை அவர் வைத்திருந்தார், ஆசையாக வைத்திருந்தார். நண்பரோடு வெளிநாட்டுக்கு வேட்டைக்குப் போவதாக இருந்தது. அந்த நண்பரிடம் இருந்தது விலை கூடிய மாதிரி. அதன் தொட்டாற்சிணுங்கி டிரிக்கரைப் பார்த்துவிட்டு வந்தவர், தன் ரைபிளும் அப்படிச் சுட வேண்டும் என்றார். அதற்கு இன்னொரு ரைபிள் வாங்கினால் போதும், வாங்கவும் அவருக்கு வக்கிருந்தது. ஆனால் இதுதான் கைக்குப் பழகியது, இதையே அப்படி ஆக்கு என்றார்.

நான் மேனேஜரிடம் சொன்னேன். "சார், அந்த டிரிக்கர் டிசைனே வேற. இதுல அவ்வளவு லைட்டா வெச்சா சரிப்படாது."

"கஸ்டமர் கேக்கறார். நீ டிசைன் கிளாஸ் எடுக்கறே. ஒரு திருகுதானே, லூஸ் பண்ணி விடுப்பா."

ஒரு திருகுதான். அது அசையாமலிருக்கத் தொழிற்சாலையில் வைத்திருந்த பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன். டிரிக்கர் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. அர்பாபிடம் ஒரு பழக்கம் இருந்ததைக் கடையிலேயே பார்த்திருக்கிறேன். சேஃப்டியைப் போட்டபிறகு, நிஜமாகவே பூட்டியிருக்கிறதா என்று டிரிக்கரை ஒருமுறை அமுக்கிப் பார்ப்பார். அதனால் நானும் அப்படியே செய்து பார்த்தேன். போல்ட்டை மூடினேன், சேஃப்டியைப் போட்டேன், டிரிக்கரை அமுக்கி விட்டேன். பிறகு கட்டைவிரலால் சேஃப்டியை முன்னால் தள்ளினேன். ஒன்றும் ஆகவில்லை. எட்டு தடவை செய்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஒன்பதாவது தடவை சேஃப்டியைத் தள்ளியதும் டிக் என்றது. என் ஆள்காட்டி விரல் டிரிக்கரின் பக்கத்திலேயே இல்லை.

என்ன நடந்தது என்று அந்த நிமிடமே புரிந்துவிட்டது. தளர்ந்துபோன டிரிக்கர், அமுக்கியதும் போனது போனதுதான், தன் இடத்துக்குத் திரும்பி வரத் தெம்பில்லை. சேஃப்டி கொக்கியைப் பிடித்திருந்தவரை வெளியே ஒன்றும் தெரியவில்லை. சேஃப்டியை விலக்கியதும் கொக்கியைத் தாங்க ஆளில்லை, ஊசி பாய்ந்துவிட்டது. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முன்னால் பதினைந்து தடவை செய்தும் வரவில்லை. "ஒரு தடவை வந்துச்சாம்! நீதான் விரலை வெச்சிருப்பே. அவர் ஆள் வெளியில வெயிட் பண்றான். கலாஸ், முடிஞ்சுது, பேக் பண்ணு" என்றார். நான் பேக் செய்தேன். திருகைத் திரும்ப முடுக்க அரை நிமிடம் ஆகியிருக்காது. செய்திருந்தால் அர்பாபுக்குத் தெரிந்திருக்கும், மேனேஜரிடம் திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். திட்டுக்குப் பயந்தேன். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்ததா என்று இத்தனை வருடமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

மறுவாரம் அர்பாப் தன் பண்ணையில் குறி சரிபார்க்க வேண்டும் என்றார். கூடமாட உதவிக்குக் கடையிலிருந்து ஆள் கேட்டார். மேனேஜர் அண்ணனை அனுப்பினார். தோட்டா போட்டுச் சுடுவதை அண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்தார்.

மத்தியானம் கொஞ்ச நேரம் அர்பாப் சுட்டிருக்கிறார். ஒரு தோட்டாவை உள்ளே தள்ளிப் போல்ட்டை மூடிய நேரத்தில் போன் வந்திருக்கிறது. சேஃப்டியைப் போட்டு, வழக்கம்போல டிரிக்கரை அமுக்கிப் பார்த்து, "யல்லா, எடுத்து வை" என்று அண்ணன் கையில் கொடுத்துவிட்டு வண்டிப் பக்கம் போய்விட்டார். உள்ளே தோட்டா இருக்கிறது என்று அண்ணனுக்குத் தெரியும். அதை எடுக்காமல் உறையில் போடக்கூடாது என்றும் தெரியும். சேஃப்டியில் வைத்தே எடுக்க அது விலை கூடிய மாதிரி இல்லை என்பதும் தெரியும். ரைபிளைக் காலடி மணலைப் பார்க்கச் சாய்த்துப் பிடித்து, நான் சொல்லிக் கொடுத்தபடியே கட்டைவிரலால் சேஃப்டியை முன்னால் தள்ளியிருக்கிறார். வெடித்துவிட்டது. இடது பாதத்தின் முன்பக்கம் போய்விட்டது. செருப்போடு இரண்டு விரல்களும்.

ஆஸ்பத்திரிக்கு அவரை டிரைவர் கொண்டுபோனார். ரைபிள் போலீசுக்குப் போகவில்லை. அது முதலில் எங்கள் கடைக்குத்தான் வந்தது. மேனேஜர் அதை என் மேஜையில் வைத்தார். முகம் வெளிறியிருந்தது.

"பழைய மாதிரி டைட் பண்ணிடு. யாருக்கும் தெரியவேணாம். உன் விசால என்ன போட்டிருக்குன்னு ஞாபகம் இருக்கில்ல? போலீஸ் கேட்டா நான் தப்பிச்சுடுவேன், நீ உள்ளே போவே."

ஒன்றரைச் சுற்று முடுக்கினேன். திருகின் தலையில் பெயின்ட் இருக்க வேண்டுமே. பக்கத்துக் கடையில் நகப்பூச்சு வாங்கி வந்து ஒரு பொட்டு வைத்தேன். என் தொழில் சுத்தத்தைப் பற்றி எனக்கு எப்போதும் கர்வம் உண்டு. அன்றைக்கும் வேலை சுத்தமாகவே இருந்தது.

அடுத்த நாள் போலீசிலிருந்து வந்தார்கள். அவர்கள் முன்னால் போல்ட்டை மூடி, சேஃப்டியைப் போட்டு, அமுக்கி, விலக்கி, ஐம்பது தடவைக்கு மேல் செய்து காட்டினேன். ஒரு தடவைகூடத் தானாக டிக் என்கவில்லை. அப்போது மேனேஜர் கடை வழக்கத்தை அவர்களுக்கு விளக்கினார். எங்கள் ஆட்கள் ரைபிளை எடுத்து வைக்கும் முன் டிரிக்கரை இழுத்துத்தான் வைப்பார்கள், இது வெறும் பழக்க தோஷம் என்றார். அங்கேயே ஸ்டாண்டில் இருந்த ஒன்றை எடுத்து, மணல் வாளியைக் காட்டி இழுத்தும் காட்டினார். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதுதான் அதன் கொடுமை. என்னையும் கேட்டார்கள். "ஆமா, அப்படித்தான் வைப்போம்" என்றேன். வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டிருந்தால்கூட மன்னிக்கலாம். நான் வாயைத் திறந்து சாட்சி சொன்னேன்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்து, வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வலியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"தம்பி, போலீஸ்காரவுக வந்தாக. மிஷின்ல ஒரு பழுதும் இல்லைன்னு எழுதிட்டாகளாம்."

"ஆமாண்ணே."

"கட்டவெரலாலதான் தள்ளுனேன். இந்த வெரலு வெளியதான் இருந்துச்சுன்னு எனக்கு நெனப்பு." ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார். "ஆனா தெனம் நூறு தடவ இழுக்குற வெரலு. அதுபாட்டுக்கு உள்ள போயிருக்குமோ? நீ அதப் பிரிச்சு மாட்டுனவன். ஒனக்குத்தான் தெரியும். நீ சொல்லு, ஏத்துக்கிறேன். என் வெரலு பட்டுச்சா?"

அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தன்னைச் சந்தேகப்பட்டுக் கேட்டார். எதிர்க் கட்டிலில் பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு பட்டாணியர் பழம் உரித்துக்கொண்டிருந்தார். கதவுப் பக்கம் யாரும் இல்லை. மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அவர் காதோடு மட்டும் சொல்லியிருந்தாலும் போதும், அவர் அதை வெளியே சொல்லி என்னை மாட்டிவிடுகிற ஆள் இல்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

"பட்டிருக்கும்ணே" என்றேன்.

அவர் தலையாட்டினார். கையை மடக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். "அப்ப சரி. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றார். பிறகு, ரூமில் சிலிண்டரைப் பார்த்து மூடச் சொன்னார்.

அண்ணனின் அஜாக்கிரதை என்று எழுதி, புண் ஆறியதும் விசாவைக் கேன்சல் செய்து அனுப்பிவிட்டார்கள். ஏர்போர்ட்டுக்கு நான்தான் கூடப் போனேன். வழியெல்லாம் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். பெட்டி கட்டிக் கொடுத்ததற்கு, ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்ததற்கு, மேனேஜரிடம் தன்னைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னதற்கு. கடைசியாகச் சொன்னது பொய். நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னதாக அவரே நினைத்துக்கொண்டார், நானும் இல்லை என்று மறுக்கவில்லை. கடையில் டிக் வழக்கத்தை மேனேஜர் நிறுத்திவிட்டார். ஸ்பிரிங் ஒன்றும் தளர்ந்துபோகவில்லை.

அதன்பிறகு நான் இரண்டு வருடம் அங்கே இருந்தேன். பிறகு நானும் முடித்துக்கொண்டு ஊருக்கு வந்து, கோவில்பட்டியில் தையல் மிஷின் பழுது பார்க்கும் கடை போட்டேன். மேனேஜர் பிள்ளைகளின் படிப்புக்காகக் கனடாவுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. இப்போது எனக்கு விசா பயம் கிடையாது, போலீஸ் பயம் கிடையாது, திட்ட ஆள் கிடையாது. அருப்புக்கோட்டை எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வரக்கூடிய தூரம். நான் போகவில்லை.

ஒருநாள் அவரே போன் செய்தார். என் நம்பரை ரூமில் இருந்த யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறார். மூத்த மகளுக்குப் பையன் பிறந்து மூன்று மாதம் ஆகிறது என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பேரன் யார் சாயல், என்ன எடை என்று கேட்டேன். பையன் கனம், தூக்கினால் கை வலிக்கும் என்று அவர் மனைவி சொல்வதாகச் சொன்னார்.

"நீங்க தூக்குனா வலிக்கலியாண்ணே?"



"நான் தூக்குறதில்ல தம்பி. மடில போடுவாக, கையக் கீழ வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருப்பேன். மக அழுகுறா, ஏம்ப்பா தூக்க மாட்டேங்குறன்னு. எப்பிடித் தூக்க? எனக்குத் தெரியாமயே எதையாச்சும் செஞ்சிருதுல்ல இந்தக் கை. பச்சப் புள்ள. நான் செய்யறது சரிதான?"

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். உங்கள் விரல் படவில்லை அண்ணே, திருகைத் தளர்த்தியது நான். அதைச் சொன்னால் பேரனை இப்போதே தூக்கிக்கொள்வார். சொன்னால், நான் யார் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

"சரிதாண்ணே" என்றேன். "கொஞ்ச நாளைக்கு அப்படியே இருங்க."